புகையானைத் தாங்கும் நெல் ரகம்: மரபணுக் குறிப்பான் வழியில் புதிதாக இறங்குவோருக்கு ஒரு வழிகாட்டி

புகையான் எனப்படும் பழுப்புத் தத்துப்பூச்சியைத் தாங்கி நிற்கும் நெல் ரகத்தை மரபணுக் குறிப்பான்களின் (ஒரு மரபணு செடியில் இருக்கிறதா என்று அடையாளம் காட்டும் டிஎன்ஏ துண்டுகளின்) துணையோடு உருவாக்க வேண்டும் என்று ஆய்வுத் தலைப்பு கிடைத்த மாணவர்களும், திட்டங்களில் உதவியாளராகச் சேர்ந்தவர்களும் முதல் வாரத்திலேயே டிஎன்ஏ துண்டுகளைப் பெருக்கும் பிசிஆர் கருவியின் முன் போய் நிற்கிறார்கள். இந்த வேலையில் காலத்தை விழுங்குபவை வேறு மூன்று: எதிர்ப்பு மரபணுவைத் தரும் கொடை ரகத்தின் விதைக்கான காகிதங்கள், பூச்சி வளர்ப்பு, பூக்கும் நாள் பொருந்தாத பெற்றோர். இவற்றோடு நெடுநாள் மல்லுக்கட்டி முடித்த பிறகு, அடுத்து வருபவர்களுக்கு ஒரு பருவமாவது மிச்சமாகட்டும் என்றே இதை எழுதுகிறேன்.

ஒரு ஐயத்தை முதலிலேயே தீர்த்துக்கொள்ளுங்கள். குறிப்பான் வழித் தேர்வு என்பது வழக்கமான மகரந்தக் கலப்புதான்; எந்தச் செடியை வைத்துக்கொள்வது, எதை விடுவது என்ற முடிவை மட்டும் டிஎன்ஏவைப் பார்த்து எடுக்கிறோம். வெளியிலிருந்து மரபணு செலுத்தப்படுவதில்லை என்பதால், மரபணு மாற்றப் பயிர்களுக்கு வேண்டிய மத்திய மரபணுப் பொறியியல் மதிப்பீட்டுக் குழுவின் ஒப்புதல் இதற்குத் தேவைப்படாது.

1. ஏற்பு ரகத்தையும் மரபணுவையும் முடிவு செய்யுங்கள்

உழவர்கள் ஏற்கெனவே விரும்பிப் பயிரிடும், புகையானுக்கு மட்டும் தாக்குப்பிடிக்காத ஒரு ரகமே நல்ல ஏற்பு ரகம், அதாவது எதிர்ப்பு மரபணுவைப் பெறும் ரகம். எடுத்துக்காட்டாக ஏடிடீ 43 ரகத்தைக் கொள்வோம். ஐஆர் 50, மேம்படுத்தப்பட்ட வெள்ளைப் பொன்னி ஆகியவற்றின் சேர்க்கையில் பிறந்த அது சுமார் 110 நாளில் அறுவடைக்கு வரும் சன்ன ரகம். குறுகிய கால ரகத்தை எடுத்தால் ஆண்டுக்கு இரண்டு தலைமுறைகளையும், திட்டமிட்டு உழைத்தால் மூன்றையும் முடிக்கலாம். நீண்ட கால ரகத்தை எடுத்துக்கொண்டு மூன்று ஆண்டுப் பட்டப்படிப்பில் இறங்குவதை நான் பரிந்துரைக்க மாட்டேன்.

மரபணுத் தேர்வில் இரண்டு பொறிகள் உள்ளன. பிபிஎச் 1, பிபிஎச் 2 ஆகிய பழைய புகையான் எதிர்ப்பு மரபணுக்கள் தென்னாசியப் புகையான் கூட்டத்திடம் எடுபடுவதில்லை. பிலிப்பைன்ஸிலோ கிழக்காசியாவிலோ கிடைத்த முடிவைப் பார்த்து அவற்றைத் தேர்ந்தால் உழைப்பு முழுவதும் வீணாகும். இரண்டாவது பொறி பெயர்க் குழப்பம். இலங்கையின் ரத்து ஹீனடி ரகத்திலிருந்து வரும் பிபிஎச் 3 என்ற பெயர், 2007-இல் வந்த ஆய்வில் 6-ஆம் குரோமோசோமின் குறுங்கையில் உள்ள இடத்தைக் குறித்தது. 2015-இல் மரபணுவைப் பிரித்தெடுத்துக் காட்டிய ஆய்வோ அதே பெயரை 4-ஆம் குரோமோசோமில் உள்ள லெக்டின் ஏற்பி கைனேஸ் மரபணுத் தொகுதிக்குச் சூட்டியது. அந்த இடம் அதற்கு முன்பு பிபிஎச் 17 என்று அறியப்பட்டிருந்தது. ஆகவே ஒரு கட்டுரையில் மரபணுவின் பெயரைப் பார்த்தவுடன் பிரைமருக்கு (பிசிஆரில் குறிப்பானைப் பெருக்க உதவும் சிறு டிஎன்ஏ இழைக்கு) ஆணை அனுப்பாமல், குரோமோசோம் எண்ணையும் பக்கக் குறிப்பான்களையும் சேர்த்துச் சரிபாருங்கள். 4-ஆம் குரோமோசோம் இடத்துக்கு ஆர்எம் 8213, ஆர்எம் 5953 ஆகியவையும், 6-ஆம் குரோமோசோம் இடத்துக்கு ஆர்எம் 588, ஆர்எம் 589 ஆகியவையும் இருபுறமும் நிற்கும் குறிப்பான்கள்.

6-ஆம் குரோமோசோம் இடத்தை எடுப்பவர்கள் இன்னொன்றையும் கவனிக்க வேண்டும். சோற்றின் குழைவையும் உதிரித் தன்மையையும் தீர்மானிக்கும் வாக்ஸி மரபணு அதன் அருகிலேயே இருக்கிறது. தாய்லாந்தில் மல்லிகை அரிசி ரகத்துக்குள் இந்த எதிர்ப்பைக் கொண்டுசென்றவர்கள் அந்தப் பிணைப்பை உடைத்த பிறகே நல்ல சோற்றுத் தரத்தைப் பெற்றார்கள். உங்கள் ஏற்பு ரகத்துக்கும் கொடை ரகத்துக்கும் அமைலோஸ் (அரிசி மாவுச்சத்தின் ஒரு கூறு) அளவு வேறுபட்டால், வாக்ஸிக்கான குறிப்பானையும் தொடக்கத்திலேயே பட்டியலில் சேர்த்துவிடுங்கள்.

2. கொடை விதைக்கான காகிதங்களை அன்றே தொடங்குங்கள்

பிடிபி 33, ரத்து ஹீனடி ஆகிய இரண்டும் புகையான் ஆய்வில் நெடுங்காலமாகப் பயன்படும் ரகங்கள் என்பதால் நாட்டுக்குள்ளேயே கிடைக்கும். பிடிபி என்ற முன்னொட்டே கேரளத்தின் பட்டாம்பி ஆராய்ச்சி நிலையத்தைக் குறிப்பது. அங்கோ, ஐதராபாத்தில் உள்ள இந்திய நெல் ஆராய்ச்சி நிறுவனத்துக்கோ உங்கள் துறைத் தலைவர் வழியாகக் கடிதம் அனுப்புங்கள். கடிதத்தில் ஆய்வின் தலைப்பு, வேண்டிய விதையின் எடை, அதன் பயன், பொருள் பரிமாற்ற ஒப்பந்தத்தில் கையெழுத்திடும் அதிகாரியின் பதவி ஆகிய நான்கும் இருந்தால் திருப்பி அனுப்ப மாட்டார்கள். நான் அணுகிய ஓர் அலுவலகத்தில், கையெழுத்திட்டவருக்கு அந்த அதிகாரம் இல்லை என்ற ஒரே காரணத்தால் ஒப்பந்தம் மேசையில் கிடந்தபடி ஒரு நடவுப் பருவம் கடந்துபோனது. உங்கள் நிறுவனத்தில் ஒப்பந்தத்தில் கையெழுத்திட உரிமை பெற்றவர் வழிகாட்டியா, இயக்குநரா, பதிவாளரா என்பதைக் கடிதம் எழுதுவதற்கு முன் கேட்டறியுங்கள்.

வெளிநாட்டிலிருந்துதான் பெற வேண்டும் என்றால், பிலிப்பைன்ஸில் உள்ள சர்வதேச நெல் ஆராய்ச்சி நிறுவனத்தின் மரபணு வங்கி பன்னாட்டுத் தரப் பொருள் பரிமாற்ற ஒப்பந்தத்தின் கீழ் விதை அனுப்பும். ஆனால் விதை நேராக உங்கள் கைக்கு வராது. புதுதில்லியில் உள்ள தேசிய தாவர மரபியல் வள வாரியத்திடம் இறக்குமதி அனுமதி பெற்று, அனுப்பும் நாட்டின் தாவர நலச் சான்றுடன் விதை அங்கு வந்து, தனிமைப்படுத்தல் சோதனை முடிந்த பிறகே உங்களுக்கு வரும். இதற்குப் பல மாதங்கள் ஒதுக்குங்கள்.

விதை வந்ததும் உறையில் உள்ள சேகரிப்பு எண்ணை அப்படியே பதிவேட்டில் எழுதுங்கள். ஒரே ரகப் பெயரில் பல சேகரிப்புகள் இருக்கும். அவற்றின் எதிர்ப்புத் திறனும் ஒன்றாக இராது. வந்த விதையை நேரடியாகக் கலப்புக்கு எடுக்காமல் சில செடிகளைத் தனித்தனியே வளர்த்து, பூச்சியை விட்டுப் பார்த்து, தாங்கிய செடியின் விதையை மட்டும் கொடையாக வைத்துக்கொள்ளுங்கள்.

3. பூச்சி வளர்ப்பைக் கலப்புக்கு முன்பே தொடங்குங்கள்

பலரும் இதைக் கடைசிக்குத் தள்ளுகிறார்கள். குறிப்பான் சொல்வது, குரோமோசோமின் ஒரு துண்டு கொடை ரகத்திலிருந்து வந்திருக்கிறது என்பதை மட்டுமே. அந்தத் துண்டு வேலை செய்கிறதா என்பதைப் பூச்சிதான் சொல்ல வேண்டும். கொடை ரகத்தைச் சோதிக்கவே பூச்சி வேண்டும் என்பதால், விதைக்குக் கடிதம் எழுதும் அதே மாதத்தில் கூண்டையும் அமையுங்கள்.

வயலில் வட்ட வட்டமாகப் புகைந்து காய்ந்த இடத்தின் ஓரத்தில், தூரின் அடியில் நீர்மட்டத்தை ஒட்டியே பூச்சிகள் அடைந்திருக்கும். அங்கிருந்து உறிஞ்சு குழாயால் சேகரித்து, எளிதில் தாக்கப்படும் டிஎன் 1 ரகச் செடிகளின் மீது கூண்டில் விடுங்கள். சேகரித்தவற்றில் வெண்முதுகுத் தத்துப்பூச்சி கலந்திருப்பது மிகவும் இயல்பு. ஒரு சோடிப் பூச்சியைத் தனியே விட்டு, அதன் வழியாகப் பெருக்கினால் கலப்படம் இராது. முட்டையிலிருந்து அடுத்த முட்டை வரை சுமார் ஒரு மாதம் ஆகும். ஒரு முழுச் சோதனைக்கு வேண்டிய இளங்குஞ்சுகள் கிடைக்க இரண்டு மூன்று தலைமுறைகள் பெருக வேண்டும்.

கூண்டுக்குள் பச்சை மிரிட் நாவாய்ப்பூச்சி நுழைந்துவிட்டால் வளர்ப்பே அழியும். புகையானின் முட்டைகளை உறிஞ்சித் தின்னும் இந்தப் பூச்சி, வயலில் உழவருக்கு நண்பன். கூண்டில் உங்களுக்குப் பகைவன். புதிய டிஎன் 1 செடிகளைக் கூண்டில் வைக்குமுன் புற இலைகளைக் களைந்து தூரை நீரால் நன்கு கழுவுங்கள். சிலந்திகளும் அந்த நீரோடு போய்விடும். மே மாத வெயிலில் கண்ணாடிக் கூடத்தின் வெப்பம் ஏறும்போது வளர்ப்பு சரியும் என்பதால், கோடைக்கு முன்பே இரண்டாவது கூண்டு ஒன்றைக் குளிர்ந்த இடத்தில் காப்பாகப் பராமரியுங்கள்.

4. குறிப்பான்களை வாங்குங்கள், பெற்றோரைச் சோதியுங்கள்

உங்களுக்கு மூன்று வகைக் குறிப்பான்கள் வேண்டும். முதல் வகை எதிர்ப்பு மரபணுவைப் பின்தொடர்வது. இரண்டாவது, வேண்டாத பண்பை விலக்குவது. மூன்றாவது, ஏனைய குரோமோசோம்கள் ஏற்பு ரகத்துக்குத் திரும்பிவிட்டனவா என்று பார்ப்பது.

இரண்டாம் வகையைப் பெரும்பாலோர் விட்டுவிடுகிறார்கள். பிடிபி 33, ரத்து ஹீனடி இரண்டுமே சிவப்பரிசி ரகங்கள். அரிசியின் சிவப்புக்குக் காரணமான ஆர்சி மரபணு 7-ஆம் குரோமோசோமில் உள்ளது. வெள்ளை அரிசி ரகங்களில் பெரும்பாலானவற்றில் அதில் 14 பேஸ் (டிஎன்ஏவின் எழுத்துகள்) குறைந்திருக்கும். அவ்வாறே கொடை ரகங்களின் உயரத்தை விலக்க, 1-ஆம் குரோமோசோமில் உள்ள குட்டை மரபணுவின் 383 பேஸ் இழப்பைக் காட்டும் குறிப்பான் உதவும். அதன் வேறுபாடு, டிஎன்ஏ துண்டுகளை அளவுப்படி பிரிக்கும் சாதாரண ஜெல்லிலேயே தெளிவாகத் தெரியும். உங்கள் ஏற்பு ரகத்தில் இந்த இரண்டு வடிவங்களும் உள்ளனவா என்று முதலில் சரிபார்த்த பிறகே இவற்றை நம்புங்கள்.

மூன்றாம் வகைக்கு, 12 குரோமோசோம்களுக்கும் பரவலாக 60 வேறுபாடு காட்டும் குறிப்பான்கள் இருந்தால் குரோமோசோமுக்கு 5 வீதம் அமையும். தொடக்கத்துக்கு அது போதும். ஆனால் ஒரே இண்டிகா நெல் வகையைச் சேர்ந்த இரண்டு ரகங்களுக்கு இடையே எல்லாக் குறிப்பான்களும் வேறுபாடு காட்டாது. 60 கிடைக்க வேண்டுமானால் 150 முதல் 200 வரை சோதிக்க வேண்டியிருக்கும். இத்தனையையும் புதிதாக வாங்காமல், துறையின் குளிர்பெட்டியில் மூத்த மாணவர்கள் விட்டுச்சென்ற ஆர்எம் பிரைமர்களைப் பட்டியலிட்டு, அவற்றால் பெற்றோரைச் சோதித்த பின் விடுபட்ட குரோமோசோம் பகுதிகளுக்கு மட்டும் வாங்குங்கள். செலவில் மிகப் பெரிய சேமிப்பு இதுவே.

கொள்முதல் நடைமுறையையும் முன்கூட்டியே அறிந்துகொள்ளுங்கள். பிரைமருக்கு விலை பேஸ் கணக்கில் வரும். ஒரு சோடிக்குத் தோராயமாக 40 பேஸ் என்று வைத்து விலைப்புள்ளி கேளுங்கள். திட்டப் பணம் மார்ச் 31-ஆம் தேதியோடு முடக்கப்படும் என்பதால் ரசாயன ஆணைகள் டிசம்பருக்குள் போய்ச் சேர வேண்டும். பிசிஆருக்கு வேண்டிய டாக் நொதி பனிக்கட்டியில் வரும். வெள்ளிக்கிழமை மாலை வந்து காவலர் அறையில் கிடக்காதபடி வாரத் தொடக்கத்தில் அனுப்பச் சொல்லுங்கள். டிஎன்ஏவை வெளிநாட்டு நிறுவனத்துக்கு அனுப்பி வாசிக்க எண்ணினால், சென்னையில் உள்ள தேசிய பல்லுயிர் ஆணையத்தின் ஒப்புதல் தேவைப்படுமா என்பதை உங்கள் நிறுவனத்தின் உரிய பிரிவில் எழுத்து மூலம் கேட்டுக்கொள்ளுங்கள்.

5. கலப்பு

கொடை ரகமும் ஏற்பு ரகமும் ஒரே நாளில் பூக்கும் என்று எதிர்பார்க்க முடியாது. இரண்டையும் 7 முதல் 10 நாள் இடைவெளியில் மூன்று தவணையாக விதையுங்கள். புதிதாக அறுத்த விதை உறக்கநிலையில் இருந்தால் 50 டிகிரி செல்சியஸ் வெப்ப அறையில் 5 நாள் வைத்து எடுத்தால் முளைக்கும்.

மாலையில், அடுத்த நாள் மலரக்கூடிய பூக்களை மட்டும் கதிரில் விட்டுவிட்டு மற்றவற்றை நீக்குங்கள். உமியின் மேல் மூன்றில் ஒரு பகுதியைக் கத்தரித்து, உள்ளே உள்ள ஆறு மகரந்தப்பைகளையும் கூரிய இடுக்கியால் எடுங்கள். ஆறில் ஒன்று தங்கிவிட்டாலும் அந்தப் பூ தற்கலப்பாகிவிடும். வெண்ணெய்க் காகித உறையிட்டு, மறுநாள் காலை ஒன்பது மணிக்கு மேல் ஆண் பெற்றோரின் பூக்கள் விரியும் நேரத்தில் மகரந்தத்தைத் தூவி மீண்டும் உறையிடுங்கள். நான்கு பூவுக்கு ஒரு விதை என்ற கணக்கில் திட்டமிட்டால் ஏமாற்றம் இராது.

உமி கத்தரிக்கப்பட்டிருப்பதால் கலப்பு விதையின் நுனி வெளியே தெரியும். மழைச் சாரல் பட்டால் பூஞ்சணம் பிடிக்கும். முளைக்க வைக்கும்போது பூஞ்சாணக் கொல்லி நனைத்த வடிதாளில் தனித்தனியே பரப்புங்கள். அடையாள அட்டையில் பென்சிலால் எழுதுங்கள். மை வெயிலிலும் மழையிலும் ஒரு மாதம்கூடத் தாங்காது.

6. பிற்கலப்பும் தேர்வும்

முதல் தலைமுறைச் செடிகளில் பெற்றோர் இருவரின் பேண்டுகளும் (ஜெல்லில் தெரியும் டிஎன்ஏ பட்டைகள்) தெரிந்தால் மட்டும் அவற்றை ஏற்பு ரகத்தோடு திரும்பக் கலப்பு செய்யுங்கள். இதுவே பிற்கலப்பு. ஏற்பு ரகத்தைப் பெண்ணாக வைத்தால் அதன் சைட்டோபிளாசம் காக்கப்படும். தவறித் தற்கலப்பான விதைகளும் கொடைப் பேண்டு இல்லாததால் முதல் சோதனையிலேயே கழிந்துவிடும்.

முதற் பிற்கலப்பில் 80 செடிகள் இருப்பதாகக் கொள்வோம். நாற்று 15 முதல் 20 நாளில் இருக்கும்போது இலை நுனியை எடுத்தால், பூக்கும் காலத்துக்கு முன் இரண்டு மாத அவகாசம் கிடைக்கும். முதலில் எதிர்ப்பு மரபணுவின் இருபுறக் குறிப்பான்களையும் ஓட்டுங்கள்: 160 பிசிஆர் வினைகள். பாதிச் செடிகள், அதாவது சுமார் 40, மிஞ்சும். அவற்றுக்கு மட்டும் சிவப்பரிசிக் குறிப்பான்: 40 வினைகள், 20 மிஞ்சும். அவற்றுக்குக் குட்டைக் குறிப்பான்: 20 வினைகள், 10 மிஞ்சும். அந்தப் பத்துக்கு மட்டும் மூன்றாம் வகையான 60 பின்புலக் குறிப்பான்கள்: 600 வினைகள். மொத்தம் 820. எல்லாச் செடிகளுக்கும் எல்லாக் குறிப்பான்களையும் ஓட்டியிருந்தால் 5,120 ஆகியிருக்கும். வினைக்கு அரை யூனிட் டாக் என்றால், மறுசோதனை உட்பட 500 யூனிட் பொதி ஒன்று இந்தத் தலைமுறைக்குப் போதும்.

அரிசி நிறத்தைக் கண்ணால் பார்த்து முடிவு செய்பவர்கள் இங்கேதான் தடுக்கி விழுகிறார்கள். அரிசியின் நிறம் தவிட்டுத் தோலில் உள்ளது; அந்தத் தோல் தாய்ச் செடியின் திசு. வெள்ளை அரிசி ஏற்பு ரகத்தின் கதிரில் விளைந்த பிற்கலப்பு விதை அனைத்தும் வெள்ளையாகவே தோன்றும். கருவில் சிவப்பு மரபணு இருந்தாலும் வெளியே தெரியாது. அந்த விதையிலிருந்து வளரும் செடி காய்த்த பிறகே உண்மை வெளிவரும். குறிப்பான் அந்த ஒரு பருவத்தை மிச்சப்படுத்துகிறது.

ஒவ்வொரு ஜெல்லிலும் கொடை ரகம், ஏற்பு ரகம், முதல் தலைமுறை, டிஎன்ஏ சேர்க்காத நீர் ஆகிய நான்கையும் ஓட்டுங்கள். 14 பேஸ் வேறுபாட்டைப் பிரிக்க 3 அல்லது 3.5 சதவீத அகரோஸ் வேண்டும். டிஎன்ஏவை ஒளிரச் செய்யும் சாயமான எத்திடியம் புரோமைடைக் கையுறையின்றித் தொடாதீர்கள். தொட்ட கையுறையோடு கதவைத் திறக்காதீர்கள்.

தேர்வே இல்லாவிட்டாலும் சராசரியாக முதற் பிற்கலப்பில் 75 சதவீதமும், இரண்டாவதில் 87.5 சதவீதமும், மூன்றாவதில் 93.75 சதவீதமும் ஏற்பு ரகப் பகுதி திரும்பும். பின்புலக் குறிப்பான்களால் தேர்ந்தால் இரண்டாவது பிற்கலப்பிலேயே மூன்றாவதன் நிலையை எட்டிவிடலாம். மரபணுவின் பக்கத்துத் துண்டைச் சுருக்க வேண்டுமானால், ஒரு பிற்கலப்பில் ஒருபுறமும் அடுத்ததில் மறுபுறமும் பிணைப்பு உடைந்த செடியைத் தேடுங்கள். 5 சென்டிமார்கன் (குரோமோசோமில் மரபியல் தொலைவின் அலகு) தொலைவில் உள்ள குறிப்பானுக்கு நூறில் ஏறக்குறைய ஐந்து செடிகளில்தான் அது நிகழும். மரபணுவுக்கு உள்ளேயே அமைந்த குறிப்பான் கையில் இல்லாமல் இதில் இறங்கினால், துண்டோடு மரபணுவும் நழுவிப்போனது கடைசிவரை தெரியாது.

7. தற்கலப்பு

இரண்டாவது பிற்கலப்பில் தேர்ந்த செடியைத் தற்கலப்பு செய்தால், ஒரு மரபணுவுக்கு நான்கில் ஒரு செடியும், இரண்டு மரபணுக்களுக்குப் பதினாறில் ஒரு செடியும் ஹோமோசைகஸ் நிலையில் (இரு பிரதிகளும் ஒன்றாக) கிடைக்கும். இரண்டு மரபணுக்களும் அந்நிலையில் உள்ள ஒரு செடியாவது கிடைக்கும் என்று 99 சதவீத உறுதி வேண்டுமானால் 72 செடிகள் தேவை. விளைச்சலையும் பார்த்துத் தேர இடம் வேண்டும் என்பதால் 250 செடிகளாவது நடுங்கள். ஒற்றை மரபணு சில ஆண்டுகளில் பூச்சியிடம் தோற்பது பலமுறை நிகழ்ந்திருப்பதால், இரண்டு இடங்களைச் சேர்ப்பதையே நான் வலியுறுத்துவேன்.

8. பூச்சியை விட்டுச் சோதித்தல்

அடுத்த தலைமுறை விதை கைக்கு வந்ததும் நாற்றுத்தட்டுச் சோதனை செய்யலாம். ஒவ்வொரு வரிசையிலும் 25 நாற்றுகள். தட்டுதோறும் டிஎன் 1 வரிசையும் பிடிபி 33 வரிசையும் கட்டாயம். நாற்றுக்கு 6 முதல் 8 இளங்குஞ்சுகள் வீதம் பரவலாக விட்டு, டிஎன் 1 நாற்றுகளில் 90 சதவீதம் மடிந்த நாளில் 0 (சேதமில்லை) முதல் 9 (செடி மடிந்தது) வரையான அளவுகோலில் மதிப்பெண் இடுங்கள். ஒரு நாள் தாமதித்தால் மிதமான எதிர்ப்புள்ள வரிசைகளும் மடிந்து, வேறுபாடே தெரியாமல் போகும். பிடிபி 33 வரிசையே வாடியிருந்தால் அந்தத் தட்டின் முடிவுகளைக் கணக்கில் சேர்க்காதீர்கள்.

தேர்ந்த வரிசைகளுக்குத் தேன்கழிவுச் சோதனையும் செய்யுங்கள். புரோமோகிரசால் பச்சை தோய்த்த வடிதாளைத் தூரின் அடியில் வைத்து, பட்டினியிட்ட பெண் பூச்சிகளை ஒரு நாள் விட்டால், சாற்றுக் குழாயில் நன்கு உறிஞ்சிய பூச்சியின் கழிவு நீலப் புள்ளிகளாகப் பதியும். எதிர்ப்புள்ள செடியின் கீழே அந்த நீலம் மிகக் குறைவாக இருக்கும். ரத்து ஹீனடியின் எதிர்ப்புக்குப் பல மரபணுக்கள் காரணம் என்பதால், ஒன்றை மட்டும் மாற்றிய வரிசை கொடை ரகத்தின் அளவுக்கு நிற்காது. மதிப்பெண் 3 அல்லது 5 வந்தால் மனம் தளர வேண்டாம்.

9. விளைச்சல் சோதனையும் பதிவும்

இதுவரையிலான வேலைக்குச் சுமார் மூன்று ஆண்டுகள் ஆகும். அதன் பிறகு நிலையச் சோதனை, பல இடச் சோதனை, அகில இந்திய ஒருங்கிணைந்த நெல் மேம்பாட்டுத் திட்டச் சோதனை என்று மேலும் பல ஆண்டுகள் உள்ளன. ஏற்கெனவே உள்ள ரகத்தின் மேம்பட்ட வடிவங்களுக்கு அந்தத் திட்டத்தில் தனிச் சோதனைப் பிரிவு உண்டு. உங்கள் வரிசையைப் பொதுப் பிரிவில் அனுப்பாமல் அதில் அனுப்புங்கள்.

பயிர் ரகங்கள் பாதுகாப்பு மற்றும் உழவர் உரிமைச் சட்டம், 2001-இன்படி, இவ்வகை வரிசை மூல ரகத்திலிருந்து பெறப்பட்ட ரகமாகக் கருதப்பட வாய்ப்பு அதிகம். மூல ரகம் பதிவு பெற்றதாக இருந்தால் அதன் உரிமையாளரின் ஒப்புதல் தேவைப்படும். ஏற்பு ரகம் வேறு நிறுவனத்துடையது என்றால், கலப்பைத் தொடங்குமுன்பே எழுத்து மூலம் கேளுங்கள். ஐந்து ஆண்டு உழைத்த பிறகு கேட்பது யாருக்கும் நல்லதன்று.

பதிவுக்கும் வெளியீட்டுக்கும் கலப்புப் பதிவேடு, ஒவ்வொரு தலைமுறையின் ஜெல் படங்கள், பொருள் பரிமாற்ற ஒப்பந்தத்தின் நகல், பூச்சிச் சோதனை மதிப்பெண்கள் ஆகியவற்றைக் கேட்பார்கள். ஜெல் படத்தின் கோப்புப் பெயரில் தேதி, தலைமுறை, குறிப்பான் ஆகிய மூன்றையும் எழுதும் பழக்கத்தை முதல் ஜெல்லிலிருந்தே கொள்ளுங்கள். ஒவ்வொரு தலைமுறையிலும் மிஞ்சிய விதையை 12 சதவீத ஈரத்துக்குக் கீழே உலர்த்தி, காற்றுப் புகாத உறையில், இரண்டு வெவ்வேறு கட்டடங்களில் உள்ள குளிர் அறைகளில் பிரித்து வையுங்கள். மின்தடை ஏற்பட்டாலும் ஒரு பங்கு மிஞ்சும்.